ஒரு ஜெபக் குறிப்பும் இருபத்தொன்பது கிலோமீட்டரும்

சிறுசேரி என்றால் இன்றைக்கு உங்களுக்குக் கண்ணாடிக் கட்டடங்களும் கம்பெனி பஸ்களும்தான் ஞாபகம் வரும். நான் முதல்முதலாக அங்கே போனது 1972-இல், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பாரிமுனையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை, வீடு கிழக்குத் தாம்பரம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு சிநேகிதியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவளைச் சுகிர்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று அவளிடமே போனில் கேட்டுவிட்டேன். "உன் பங்கை முழுசா எழுதறதா இருந்தா எழுது. பாதி எழுதறதுன்னா வேணாம்" என்று சொன்னாள். ஆகவே முழுசாக எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க இதில் அதிகம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நானும் சுகிர்தாவும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு. காலை 8.05 வண்டியில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒன்றாகப் போவோம். நான் பீச் வரை, அவள் சைதாப்பேட்டையில் இறங்கி டீச்சர் டிரெயினிங்குக்கு. அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை குரோம்பேட்டை, பேங்கில் வேலை. எங்கள் சபைகளில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் வாசிப்பார்கள், அதை ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை வாசித்து முடித்த புதன்கிழமை, ரயிலில் அவள் என் காதருகே குனிந்து சொன்னாள். பன்னிரண்டு வயதிலிருந்து தனக்கு வலிப்பு வருவதுண்டு, மாத்திரையில் அடங்கியிருக்கிறது, மூன்று வருஷமாக வரவே இல்லை.

"வர்ற சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வர்றாரு. அம்மா அப்பா வேணாங்கறாங்க. ஆனா நான் சொல்லிடப்போறேன்டி. மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு மனசில்லை. அதுவரைக்கும் உன்கிட்ட மட்டும்தான்" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று நினைத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வாலிபப் பெண்கள் ஜெபக்கூட்டம். பாட்டு, தியானம் எல்லாம் முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் ஜெபக் குறிப்பு சொல்லவேண்டும். அதாவது யாருக்காக, எதற்காக எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கவேண்டும் என்று. ஒருத்திக்கு அப்பாவின் குடி, இன்னொருத்திக்குத் தங்கையின் பரீட்சை. எனக்கு மூன்று வாரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கூட்டம் நடத்தும் ஜாய்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே, "என்ன ரூபி, உனக்கு யார்மேலயும் பாரமே இல்லையா?" என்று கேட்டார். அது சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் பாரம், அதாவது பிறருக்காகக் கவலை, இல்லாதவள் என்றால் எங்கள் வட்டத்தில் ஆவி அனல் இல்லாதவள் என்று அர்த்தம். சுருக்கென்று தைத்தது.

பெயரைச் சொல்லவில்லை. "நம்ம சபையில ஒரு சகோதரி. கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அவங்களுக்கு வலிப்பு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் தெரியாது. கர்த்தர் பூரண சுகம் தரணும்" என்றேன். பெயரைச் சொல்லாததால் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக வேறு நினைப்பு! எங்கள் சபையில் அந்த மாதம் ஓலை வாசித்தது ஒரே ஒரு பெண்ணுக்கு.

எல்லாரும் "ஐயோ" என்றார்கள். ஒருத்தி அழுதாள். முழங்கால் போட்டு உருக்கமாக ஜெபித்தோம், என் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய சித்தி வந்து, மறைத்துவிட்டீர்களே என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாராம். சுகிர்தா தானாகவே சொல்ல இருந்தது யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அறிவிப்புகள் முடிந்து காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் கோயில் முழுக்க ஒரு திரும்பிப் பார்த்தல். சுகிர்தா தன் அம்மா பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பாடினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் கெட்டது. என் வாயால் கெட்டது அவள்.

ஒரு மாதத்தில் அவளைச் சிறுசேரியில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான். நான் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். தூக்கம் போயிற்று. பிறகுதான் கிளம்பினேன்.

காலை 7.35-க்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி. வண்டலூர் ஆறு கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு டிக்கெட் இருபத்தைந்து பைசா. கிளம்புமுன் மார்க்கெட்டில் ஆறு சாத்துக்குடி வாங்கினேன், ஒன்றரை ரூபாய். ஆராதனைக்குப் போகாமல் எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, ஊழியம் என்றேன். அதுவும் பொய்தான். அன்றைய கணக்கில் அது சின்னப் பொய்.

7.50-க்கு வண்டலூர். மிருகக்காட்சி சாலை எல்லாம் அப்போது கிடையாது, ஸ்டேஷனும் நாலு கடையும்தான். கேளம்பாக்கம் பஸ் 8.40 என்றார்கள், 9.05-க்கு வந்தது. பதினெட்டு கிலோமீட்டர், அறுபது பைசா. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "எங்கம்மா போறே?" என்றார். சிறுசேரி என்றேன். "சிறுசேரியா? அங்க இன்னா கீது? சவுக்குத் தோப்புதாம்மா கீது. யாரு வூட்டுக்கு?" என்று விசாரித்தார். சிநேகிதி என்றேன். "சிநேகிதின்னா சரி, நட. அஞ்சு கிலோமீட்டர் நடக்கணும், பஸ்ஸை நம்பிக்கினு நிக்காதே" என்று நல்ல புத்தி சொன்னார்.

கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஏரிக்கரைகளைத் தொட்டுத் தொட்டுப் போகிற சாலை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லவேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். "சுகிர்தா, அது என்னாலதான்." நான்கு வார்த்தைகூட இல்லை. மாம்பாக்கம் வருவதற்குள் அதை எட்டு வாக்கியமாக நீட்டி, நான் நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பதையும் உள்ளே நுழைத்துவிட்டேன். மனுஷ மனசு இருக்கிறதே!

10.05-க்குக் கேளம்பாக்கம். கிழக்கே வெள்ளையாக உப்பளம் தெரியும். அங்கிருந்து வடக்கே மணல் கலந்த சாலையில் நடை. மேல்காற்று மண்ணை வாரிப் போட்டது. 11.20-க்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். ஓட்டுக் கட்டடம், அதை ஒட்டினாற்போல் ஓர் அறை. அதில்தான் சுகிர்தா இருந்தாள், ஒரு நோட்டுக் கட்டைத் திருத்திக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு சாத்துக்குடிப் பையைப் பார்த்தாள். "நோயாளியைப் பார்க்க வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"நீ ஒருத்திதான்டி வந்திருக்கே. வேற ஒரு ஈ காக்கா வரலை" என்றாள். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். "அந்தக் காதர் பாய்தான் சொல்லியிருக்காரு. பத்து வருஷமா அவர்தான் மாத்திரை குடுப்பாரு. எங்க குடும்பத்தையும் டாக்டரையும் உன்னையும் விட்டா அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா டாக்டர்கிட்ட போய்ச் சத்தம் போட்டுட்டாரு. அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

காதர் பாய் எங்கள் பக்கத்து டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டர். மருந்து கலந்து கொடுப்பவர். எனக்கே எத்தனையோ தரம் இருமல் மருந்து பாட்டிலில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் புது ஆள் நிற்பதைப் பார்த்திருந்தேன், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அந்த நிமிஷம் என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ பாவம் அல்ல. அப்பாடா! என்மேல் இவளுக்குச் சந்தேகமே இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

காப்பி குடித்தேன். அவள் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக் கதைகள் கேட்டேன். இரண்டு மணிக்கு அவள், "எனக்காக ஜெபம் பண்ணிட்டுப் போ" என்றாள். பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டு, ஐந்து நிமிஷம். ஆமென் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சொல்லவே இல்லை.

சாலை வரை கூட வந்தாள். சவுக்குத் தோப்பு ஓரமாக நடக்கும்போது சொன்னாள்: "ஒண்ணு மட்டும் முடியலை ரூபி. பாய் மேல இருக்கிற கோபம் போகவே மாட்டேங்குது. மன்னிக்கணும், மன்னிக்கணும்னு தினமும் ராத்திரி முழங்கால்ல நிக்கிறேன். வரமாட்டேங்குது."

செய்யாத ஒருவரை மன்னிக்க இவள் தினமும் முழங்காலில் நிற்கிறாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எட்டு வாக்கியமும் மறந்துபோயிற்று. "பாய் சொல்லலை. நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல, ஜெபக் குறிப்பா" என்றேன்.

சுகிர்தா நின்றுவிட்டாள். பிறகு, "எத்தனை பேர் இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"பதினாலு பேரும் எனக்காக ஜெபம் பண்ணீங்களா?"

"ஆமா."

"உன்னை விட்டா பதினாலு பேருல ஒருத்திகூட என்னைப் பார்க்க வரலையே."

நான் அழுதேன். மன்னித்துவிடு என்று கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டாள், கோபமாகக்கூட இல்லை. "என்கிட்ட இப்ப எதுவும் கேக்காதே. முதல்ல அவர்கிட்ட போ. பல்லாவரத்துல தோல் மண்டியில வேலை செய்யறாராம், அப்பா பார்த்திருக்காரு. நான் அப்பாவுக்கு எழுதிடறேன். நீ அவர்கிட்ட போ." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

3.50-க்குக் கேளம்பாக்கத்தில் பஸ். 5.10-க்கு வண்டலூரில் ரயில். இப்போது கேளுங்கள். என் பையில் தாம்பரம்–பீச் சீசன் டிக்கெட் இருந்தது. தாம்பரத்துக்கு அப்பால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம், ஒரு பைசா செலவில்லை. வண்டி தாம்பரத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மண்டி திறந்திருக்குமா, அம்மா தேடுவாள், இருட்டிவிடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன்.

சிறுசேரிக்கு வழி தேடி இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு மனம் இருக்காது. இன்றைக்குத் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு நேர் பஸ் இருக்கிறது, வண்டலூரில் இறங்கி ஏறும் வேலை இல்லை. மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகவும் போகலாம், நெரிசலுக்குத் துணிந்தவர்கள். காலை எட்டுக்கு முன் கிளம்பினால் நல்லது. வழியெல்லாம் காலேஜும் அடுக்குமாடியும், நிழலுக்கு மரம் தேடாதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்குத் தனியாக இரண்டு யோசனை. பழம் வாங்கிப் போகாதீர்கள். சொல்லவேண்டியதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஒருவர் கையால் சாப்பிட்டபிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

பல்லாவரத்துக்கு நான் போனது பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை. அதுவும் தானாகப் போகவில்லை. புதன்கிழமை சிறுசேரியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதில் ஒரே வார்த்தை: "போனாயா?" மறுநாள் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பீச் ஸ்டேஷனில் 1.20 வண்டி பிடித்து, இரண்டு மணிக்குப் பல்லாவரத்தில் இறங்கினேன். தோல் மண்டிக்கு வழி கேட்கவே வேண்டாம், மூக்கே கொண்டுபோய்விடும். உள்ளே காதர் பாய் தோல்களை அடுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் பார்த்துப் பழகிய மனிதர், லுங்கியும் பனியனுமாக நின்றார்.

"அட, வாங்கம்மா. உடம்பு சுகம்தானே?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் சொல்லலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்?"

"தெரியும்ணா. நான்தான்."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. எங்கயாவது பேச்சுவாக்குல கீச்சுவாக்குல உளறிட்டேனோன்னு" என்றார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ளைக்கு அங்க மாத்திரை கிடைக்குதா? நடுவுல விட்டா ஆகாதும்மா" என்பது.

எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் அவள் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள், அதைக் கேட்கவில்லை.

டாக்டரிடம் வந்து சொல்கிறேன் என்றேன். "அங்க வேற ஆள் போட்டாச்சு. சொல்லுங்க, வேணாங்கல. ஆனா அதைவிட அவசரம் ஒண்ணு கீது" என்றார். "வூட்லயும் நம்பலைம்மா. வாய வச்சுக்கினு சும்மா இல்லாம சோத்துல மண்ணைப் போட்டுட்டியேன்னு தெனம் சண்டை. முந்தாநாள் புள்ளைங்களக் கூட்டிக்கினு ஆம்பூர்ல அம்மா வூட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க கையால."

முந்தாநாள். தாம்பரத்தில் இறங்காமல் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாவிட்டாலும் திங்கட்கிழமையாவது வந்திருந்தால், அந்த அம்மாள் பல்லாவரத்திலேயே இருந்திருப்பார்.

பையில் ஒரு கார்டு இருந்தது, எடுத்தேன். "கார்டு வேணாம்மா. தபால்காரர்லேர்ந்து எல்லாரும் படிப்பாங்க" என்று தடுத்து, அவரே போய் எதிர் தபாலாபீஸில் பதினைந்து பைசாவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கி வந்தார். ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து எழுதினேன். சுகிர்தா என்ற என் சிநேகிதியின் வியாதியை வெளியே சொன்னது நான்தான், உங்கள் கணவர் அல்ல, என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தார். முதல் வரியிலேயே விரலை வைத்தார்.

"இந்தப் புள்ள பேரு எதுக்கும்மா இதுல?"

அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"அடிச்சாலும் தெரியும். வெளிச்சத்துல புடிச்சா படிச்சுடலாம்" என்றார். அந்த இன்லண்டை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டு, இன்னொன்று வாங்கத் திரும்பவும் சாலையைக் கடந்து போனார்.